பெயரும் பேரேடும்

பெயரில்லாத மனிதர் எந்த நாட்டிலும் இல்லை. எழுத்தறியாத மக்கட் கூட்டங்கள் உண்டு. நாணயம் அறியாத கூட்டங்களும் இருந்தன. ஆயின், பிறந்த குழந்தைக்குப் பெயரிடாது விட்ட கூட்டத்தைக் காண்பது அரிது. பெயர்களை ஆராய்ந்த நன்னூலார் அவற்றை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரு வகையாகப் பகுத்தார். மரம், மலை என்பன காரணம் புலப்படாது வழங்கும் இடுகுறிப் பெயர்கள். பறப்பதனாற் பறவை என்பது காரணப் பெயர்.

மக்களுக்கு இடும் பெயர் இவ்விரண்டனுள் எதனைச் சாரும்? தாயும் தந்தையும் பெயரிடும் நேரத்தில் அதற்குக் காரணம் உண்டு. ஊரார் பத்தாண்டு கூப்பிட்டுப் பழகியபின் காரணம் மறைந்து, பெயர் வெறும் அடையாளமாகிவிடுகிறது. இவற்றோடு மூன்றாவது நிலை ஒன்றையும் இக்காலம் சேர்த்திருக்கிறது. அரசாங்கப் பதிவேட்டில் ஏறிய பெயர் ஒரு சான்றாகிறது. அடையாள அட்டையும் சேமலாப நிதியும் காணி உரிமையும் வாக்குரிமையும் அந்தச் சான்றைப் பற்றியே நிற்கின்றன. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்ட மக்களின் பெயர்களை நோக்கினால், வீட்டில் இட்ட பெயரும் ஏட்டில் எழுதிய பெயரும் ஒன்றையொன்று பிரியும்போது நேர்வது யாது என்பது நன்கு விளங்கும்.

அதற்குமுன் உலக வழக்கைச் சற்றே பார்க்கலாம். ஆபிரிக்காவில், கானா நாட்டின் அக்கான் மக்கள் குழந்தை பிறந்த கிழமையையே பெயராக இடுவர். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்மகன் கோபி. சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாயிருந்த கோபி அன்னானின் பெயரும், கானாவின் முதற் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ருமாவின் பெயரும் அவர்கள் பிறந்த கிழமைகளை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பாலித் தீவினர் பிறந்த வரிசையைக் கருதி, முதற் குழந்தையை வாயான் என்றும் இரண்டாவதை மாடே என்றும் மூன்றாவதை நியோமான் என்றும் நான்காவதைக் கெத்துத் என்றும் அழைப்பர். ஐந்தாவது பிறந்தால் மீண்டும் வாயானிலிருந்தே தொடங்குவர்.

சமயம் வேறாயினும் மொழி வேறாயினும் கருத்து ஒன்றாயிருக்கும் பெயர்களும் பல. கிரேக்கரின் தியோடோர், எபிரேயரின் நத்தானியேல், அரபு மொழியின் அதாவுல்லா, வடமொழியின் தேவதத்தன் ஆகிய நான்கும் இறைவன் தந்த கொடை என்ற ஒரே பொருளைச் சுட்டுவன. அப்துல்லா என்பதற்கு இறைவனின் அடியான் என்பது பொருள். இராமதாசன் என்பதன் அமைப்பும் அதுவே. இறைவன் அருளினான் எனப் பொருள்படும் எபிரேயப் பெயரே ஆங்கிலத்தில் ஜோன் ஆகவும் உருசிய மொழியில் இவான் ஆகவும் திரிந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் அதனை அருளப்பர் என்று கருத்தறிந்து வழங்கினர். சிறியவன் என்னும் பொருளுடைய பவுல் என்ற பெயரைச் சின்னப்பர் என்றனர். ஆதலால் மலைநாட்டுத் தோட்டமொன்றில் அருளப்பனும் சின்னப்பனும் அப்துல்லாவும் இராமதாசும் ஒரே லயத்தில் வாழ்ந்தால், வெவ்வேறு பாதைகளில் வந்து சேர்ந்த பழைய கருத்துகள் அங்கே அயல்வீட்டுக்காரராகிவிட்டன எனலாம்.

தமிழரின் பழைய பெயர் வழக்கில் இரண்டு கூறுகள் இங்கு இன்றியமையாதன. ஒன்று, பெயரோடு ஊரும் தொழிலும் தந்தையும் சேர்ந்து வருவது. மணிமேகலை ஆசிரியர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். ஊரும் தானிய வாணிகமும் அப்பெயருள் அடங்கின. முல்லைப்பாட்டின் ஆசிரியர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். இங்கே ஊர், தந்தையின் தொழில், தந்தை மகன் முறை, இயற்பெயர் ஆகிய நான்கும் ஒருங்கே கிடைக்கின்றன. இயற்பெயர் மறைந்துபோன புலவரும் உளர். குறுந்தொகைப் பாட்டொன்றில் செம்மண் நிலத்திற் பெய்த மழைநீரை உவமை கூறிய புலவரின் பெயர் தொகுத்தோருக்குக் கிட்டவில்லை. அந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று எழுதிவைத்தனர். பெயர் தெரியாதவரையும் பெயரின்றி விட மனமில்லாத மரபு அது.

மற்றொன்று, பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பேத்தி என்பதும் பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். மகனின் மகனைக் குறிக்கும் உறவுச் சொல்லே பெயரிடும் வழக்கத்தினின்று பிறந்திருப்பது, அவ்வழக்கம் எத்துணை ஆழமாய் வேரூன்றியது என்பதைக் காட்டும்.

இந்த மரபுடனேயே தமிழகத்து மக்கள் கடல் கடந்து மலையேறினர். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தூரையில் தேயிலையைப் பயிரிட்ட பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து அவர்கள் வந்தனர். கையில் அதிகம் கொண்டுவர இயலாதவர்கள் பெயரைக் கொண்டுவந்தனர். அப்பெயர்களிற் பலவும் விட்டுவந்த ஊரின் தெய்வங்களைச் சுமந்தவை. பழனியாண்டி என்ற பெயரில் பழனி மலையும், அழகர்சாமி என்ற பெயரில் மதுரையை அடுத்த அழகர் கோயிலும், சமயமுத்து என்ற பெயரிற் சமயபுரத்து மாரியம்மனும் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் வந்து சேர்ந்தனர். கருப்பையா, முனியாண்டி, மதுரைவீரன், இருளாயி, பேச்சியம்மா என்பன ஊர்க்காவல் தெய்வங்களின் பெயர்கள். அம்மைக் கொப்புளத்தை முத்து என்று அஞ்சி மரியாதையாகச் சொன்ன மக்கள், அம்மை நோயின் தெய்வமாகிய மாரியின் பெயரோடு அந்த முத்தையும் சேர்த்து மாரிமுத்து என்றனர். கொள்ளை நோய்க்குத் தப்பிய குடும்பத்தின் நன்றியறிதல் அப்பெயருள் இருக்கிறது.

வேறு சில பெயர்கள் வீட்டின் துயரத்தை உணர்த்துவன. அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்த வீட்டிற் பிழைத்த குழந்தையைக் குப்பையிற் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும், பிச்சையாக ஏற்றதாகப் பாவித்துப் பிச்சை என்றும் பிச்சாயி என்றும் பெயரிட்டனர். விலையற்ற பொருளைக் கூற்றுவன் விரும்பமாட்டான் என்பது நம்பிக்கை. சீனத்து நாட்டுப்புறங்களிலும் இதே எண்ணத்தோடு, அருமையாய்ப் பிறந்த குழந்தைக்கு நாயின் பெயரைச் செல்லப் பெயராக இடும் வழக்கம் இருந்தது. பெண் மக்கள் பலர் பிறந்த வீட்டிற் போதும்பொண்ணு என்று பெயரிட்டதும் உண்டு. அப்பெயரைத் தாங்கிய பெண்ணே பின்னாளில் மலைச்சரிவிற் கொழுந்து கொய்து அந்த வீட்டைக் காப்பாற்றியதும் உண்டு.

வீட்டின் பெயர் தோட்டத்தின் ஏட்டிற் புகுந்த வரலாறு இனி. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு வந்த தொழிலாளரின் கழுத்தில், தோட்டத்துக்குரிய எண் பொறித்த தகரத் தகடு தொங்கவிடப்பட்டது. பயணத்தில் அவரை அடையாளம் காட்டியது அந்த எண்ணே. தோட்டத்தை அடைந்தபின் செக்ரோல் என்னும் வரவேட்டிற் பெயர் ஏறியது. விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் ஆட்களைத் திரட்டி, கங்காணியும் கணக்கப்பிள்ளையும் வேலை பிரித்து, வேலைக்கு வந்தவரின் பெயருக்கு எதிரே அடையாளமிட்டனர். அந்த அடையாளமே அன்றைய கூலி. இதனால் மலைநாட்டுத் தமிழில் பேர் என்ற சொல்லுக்கு வேறெங்கும் காணாத ஒரு பொருள் உண்டாயிற்று. ஒரு நாள் முழுச் சம்பளத்துக்குரிய வேலை ஒரு பேர். குறித்த நிறையளவு கொழுந்து சேராத நாளிற் பாதிச் சம்பளம்; அதற்கு அரைப் பேர் என்று பெயர். தெய்வத்தையும் பாட்டனையும் நினைவூட்டிய பெயர் கூலிக்கணக்கின் அலகாக மாறிய கதை, இந்த ஓரசைச் சொல்லில் அடங்கியிருக்கிறது. அரைப் பேர் எடுத்து வீடு திரும்பிய தாய்க்கு அச்சொல்லின் பாரம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

வரவேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழ்ப் பெயரைக் காதாற் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதுவோர் ஒருவர் எழுதியதுபோல் மற்றவர் எழுதவில்லை. இலட்சுமி என்ற ஒரு பெயர் லெச்சுமி, லெட்சிமி, லக்ஷ்மி எனப் பல வடிவம் கொண்டது. வள்ளியம்மா என்பதன் முதலெழுத்தைச் சிலர் ‘வீ’ என்ற ஆங்கில எழுத்தாலும் சிலர் ‘டபிள்யூ’ என்ற எழுத்தாலும் குறித்தனர். பின்னர்ச் சிங்களத்திற் பதியப்பட்டபோது வேறொரு சிக்கல் எழுந்தது. தமிழில் ககரம் ஒன்றே வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் நிற்கும்; சிங்களத்தில் அவ்விரண்டுக்கும் வெவ்வேறு எழுத்துகள் உண்டு. எழுதுபவர் தமக்குத் தோன்றிய எழுத்தைத் தெரிந்துகொண்டார். சிறப்பு ழகரத்துக்குரிய எழுத்துச் சிங்களத்திலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. இங்ஙனம் ஒரே பெண் பிறப்புப் பதிவில் ஒருத்தியாகவும் பாடசாலை இடாப்பில் மற்றொருத்தியாகவும் செக்ரோலில் மூன்றாமவளாகவும் ஆனாள். இதில் எழுதியவரின் தீய எண்ணம் இருக்கவேண்டும் என்பதில்லை. மூன்று மொழிகளின் எழுத்துகளும் ஒன்றோடொன்று பொருந்தாமையே போதும்.

எழுத்து வேறுபாட்டினும் ஆழமானது மற்றொரு வேறுபாடு. தமிழரிற் பெரும்பாலோருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகிறது. பேரன் காலத்தில் அம்முதலெழுத்தும் மாறிவிடுகிறது. சிங்களவரிற் பலருக்கு இயற்பெயரின் முன் வீட்டைக் குறிக்கும் ‘கே’ என்ற ஈற்றுடன் முடியும் பரம்பரைப் பெயர் உண்டு. அது தலைமுறைகளைக் கோத்து நிற்கும். ஐஸ்லாந்து மக்கள் தமிழரைப் போன்றே தந்தை பெயரையே வழங்குவர். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதே அவர்களின் இரண்டாம் பெயர். தொலைபேசிப் புத்தகத்தையும் அவர்கள் இயற்பெயர் வரிசையிலேயே அமைத்தனர். அங்கே அரசாங்கம் மக்களின் வழக்கத்துக்கு ஏற்பப் பதிவேட்டை அமைத்துக்கொண்டது. மொரீசியசுக்கு ஒப்பந்தத் தொழிலாளராய்ச் சென்ற தமிழர் வழியினரிடையே இது தலைகீழாயிற்று. அங்கே பாட்டனின் இயற்பெயரே உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. தென்னாபிரிக்காவிற் கவுண்டர் என்பது கவெண்டர் எனவும் முதலி என்பது மூட்லி எனவும் திரிந்து நிலைத்தன. வடிவம் சிதைந்தாலும் சங்கிலி அறவில்லை.

இலங்கை மலைநாட்டிலே வழக்கம் வழக்கமாகவே நீடித்தது. பதிவேடு தன் போக்கிற் சென்றது. இவ்விரண்டுக்குமிடையே இருந்த இடைவெளி 1948 இற் பெருந்தீங்காய் வெளிப்பட்டது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, அதற்குமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளியாற் பிரசையாவதற்குத் தம் தந்தையார் இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ நிறுவவேண்டியவரானார். தோட்டப் பிறப்புகள் பல முற்காலத்திற் பதியப்படவேயில்லை. பதியப்பட்டவையோ மேற்கூறியவாறு வடிவம் திரிந்தவை.

எடுத்துக்காட்டாக, மாரிமுத்து மகன் கருப்பையா, கருப்பையா மகன் மாரிமுத்து என்று ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளலாம். பாட்டன் பெயரே பேரனுக்கு. ஊரில் இதைவிடத் தெளிவான வம்சாவளி வேறில்லை. ஆயின் அலுவலகத்தில் இருந்து ஏடுகளைப் புரட்டுபவருக்கு இரண்டு மாரிமுத்துகள் ஒருவரோ இருவரோ என்ற ஐயம் எழும். அதே தோட்டத்தில் அதே பெயருடையோர் இன்னும் நால்வர் இருப்பர். ஓரிடத்தில் கருப்பன், ஓரிடத்தில் கருப்பையா என்றிருந்தால், தந்தை இவரே என்று காட்டுவது எங்ஙனம்? பரம்பரையை மறவாதிருப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் பரம்பரையை நிறுவுவதற்கு இடையூறாயிற்று.

நாடற்ற நிலைக்குப் பெயர் வேறுபாடே காரணம் என்று கொள்வது தவறு. அந்நிலை அரசியல் முடிவால் விளைந்தது. ஆயினும், உரிமை கோரி நின்றவரைத் திருப்பி அனுப்புவதற்குப் பெயரில் நேர்ந்த ஓரெழுத்து வேறுபாடும் போதுமானதாயிற்று. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவுரிமைப் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ்ச் சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர். 1964 ஒக்டோபர் 30 இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர இணங்கின. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பின்னரே நாடற்றோர் என்ற சொல் மலைநாட்டில் பழங்கதையாகத் தொடங்கியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது.

இடைப்பட்ட காலத்திற் பெயர்களும் மாறின. காந்தியடிகள் 1927 இல் மலைநாட்டுக்கு வந்தார். நேரு 1939 இல் இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றியது. காந்தி, ஜவஹர், சுபாஷ் என்ற பெயர்கள் லயங்களிற் கேட்கலாயின. 1950 களிலும் 1960 களிலும் திராவிட இயக்கக் கருத்துகள் பரவியபோது இளங்கோ, அன்பழகன், தமிழ்ச்செல்வி என்பன வந்தன. திரைப்படம் தந்த பெயர்களும் பல. தாம் பணிசெய்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயரின் முன் சேர்த்துக்கொண்ட எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப், மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரின் வரிசையில் வந்தவர் எனலாம். கூலிக்கணக்கிற் கண்ட தோட்டப் பெயர் இலக்கியத்தில் மதிப்புடைய முன்னொட்டாயிற்று.

இக்காலத்துப் பெற்றோர் எண்கணிதம் பார்த்தும் ஒலியழகு கருதியும் பெயரிடுகின்றனர். ஷகரமும் ஜகரமும் நிறைந்த அப்பெயர்களிற் சிலவற்றின் பொருளை இட்டவர்களே அறியார். புதுப்பெயர் இடுதல் குற்றமன்று. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய நம்பிக்கையைத் தன் பிள்ளைகளின் பெயரில் எழுதுகிறது. ஆயின், கருப்பாயி, குப்பம்மாள், பிச்சை என்ற பெயர்களைத் தாங்கிய முன்னோரை எண்ணி இளையோர் நாணுவதற்கு நியாயம் ஏதும் இல்லை. குப்பம்மாள் என்ற பெயரின் பொருள் குப்பை அன்று. எப்படியாவது இக்குழந்தை பிழைக்கவேண்டும் என்று ஒரு தாய் பட்ட தவிப்பே அதன் பொருள்.

எத்தகைய பெயரை இட்டாலும் அதனை ஏட்டிற் செவ்வையாக ஏற்றுதல் வேண்டும். தோட்டத்திற் பிறந்த குழந்தையின் பதிவு நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் வழியே நடைபெற்றது. வாயாற் சொல்லிவிட்டு, எழுதியதைப் பாராது திரும்புவதே பெரும்பாலோரின் வழக்கமாயிருந்தது. அவ்வழக்கம் இனி ஆகாது. பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எங்ஙனம் எழுதுவது என்பதை வீட்டார் முன்னரே முடிவுசெய்து, தாளில் எழுதிக் கொண்டுசெல்வது நன்று. பிறப்புச் சான்றிதழ் கையில் வந்தவுடன் குழந்தையின் பெயரோடு தாய் தந்தையரின் பெயர்களையும் அவர்களின் அடையாள அட்டையோடு ஒப்பிடல் வேண்டும். பாடசாலையிற் சேர்க்கும் நாளில் இடாப்பில் எழுதப்படுவது சான்றிதழில் உள்ளதுதானா என்று பார்க்கவேண்டும். பிழை நேர்ந்திருப்பின், பதிவில் விடுபட்ட பெயரைச் சேர்ப்பதற்கும் உள்ள பெயரைத் திருத்துவதற்கும் சட்டம் வழிவைத்திருக்கிறது. பிறப்பே பதியப்படாதவர்க்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. பரீட்சை விண்ணப்பமோ, ஓய்வுபெறும் நாளிற் சேமலாப நிதி விண்ணப்பமோ கைக்கு வந்தபின் பிழையைக் கண்டு அலைவதைக் காட்டிலும், குழந்தை தவழும்போதே திருத்துவது எளிது.

குடும்பத்து முதியோர் உயிரோடிருக்கும்போதே பாட்டன், பாட்டி, பூட்டன், பூட்டி ஆகியோரின் பெயர்களையும், அவர்கள் பிறந்த ஊரையும், வேலைசெய்த தோட்டத்தையும் பிரிவையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பதும் நற்பணியாகும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு மாலைப்பொழுது போதும். பாடசாலைப் பிள்ளைகளே இதனைச் செய்யலாம். பேரன் என்ற உறவுச் சொல்லின் பொருளை அறிந்த பிள்ளை, தன் பாட்டனின் பெயரைப் பிழையின்றி எழுதக் கற்பதும் அவ்வுறவுக்கு உரிய கடமையே.